திருப்பி அனுப்ப முடியாத படம்

ஜாதகத்தோடு பெண்ணின் புகைப்படத்தையும் ஓர் உறையில் வைத்துப் பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. ஸ்டூடியோவுக்குப் போய், பூந்தொட்டி வைத்த முக்காலியின் அருகில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. பொருத்தம் கூடவில்லையானால் ஜாதகமும் படமும் சேர்ந்தே திரும்பி வந்துவிடும். வரத் தாமதமானால் பெண்ணின் தகப்பனார் கடிதம் எழுதுவார். அதற்கும் பதில் இல்லையேல் ஆளை அனுப்பிக் கேட்பார். அந்தப் படத்தில் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. கட்டிய பட்டுப்புடவையும் பின்னிய தலையும்தான். ஆயினும் இன்ன காரியத்துக்காக இன்னாரிடம் கொடுத்த படம், அந்தக் காரியம் முடிந்த பின் அவரிடம் இருக்கலாகாது என்பது எழுதாத சட்டமாக எல்லோருக்கும் விளங்கியிருந்தது. கேளாமல் படத்தைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிய ஸ்டூடியோக்காரரோடு சண்டைக்குப் போனவர்களையும் நாம் அறிவோம்.

நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்த எழுதாத சட்டம் எழுதிய சட்டமானதைப் பற்றியது. ஒருவர் மற்றொருவரை நம்பி எடுக்க விட்ட, அல்லது தாமே எடுத்து அனுப்பிய அந்தரங்கமான படத்தை, அவருடைய சம்மதம் இன்றி இணையத்திலோ கைபேசிக் குழுவிலோ பரப்புவது நம் நாட்டில் குற்றம். இதைக் கேட்கும்போது, இத்தகைய பேச்சு நம் வீட்டு வரவேற்பறைக்கு உகந்ததுதானா என்று சிலர் தயங்கலாம். நாமும் தயங்கினோம். பிறகு, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை எண்ணியபோது அந்தத் தயக்கம் போய்விட்டது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாகபுரிக்கு ரயில்வே வேலையாய் வந்து, ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் அது. மகளுக்கு 26 வயது. ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் ஒரு பிள்ளையை நிச்சயம் செய்தார்கள். நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடையே எட்டு மாதம். இருவரும் தினமும் கைபேசியில் பேசினார்கள். பிள்ளை கேட்டதன்பேரில் சில படங்களையும் அவள் அனுப்பினாள். பிறகு சீர்வரிசைப் பேச்சில் மனத்தாங்கல் வந்து நிச்சயம் முறிந்தது. முறிந்த பத்தாம் நாள், 2024-ஆம் ஆண்டின் கடைசியில், ஊர்க் கோயில் கொடைக்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்கள் வந்து விழுந்தன. அதில் இருந்தவர்கள் 200 பேருக்கு மேல். அத்தனை பேரும் உறவினர். பாதிப் பேர் சிற்றப்பா, மாமா என்று அழைக்கத் தக்கவர்கள். நாகபுரியில் இருந்த தகப்பனாருக்குச் செய்தி வந்தது அவருடைய சொந்த அண்ணனிடமிருந்து. அண்ணன் சொன்னது ஒன்றே: இந்த வருஷம் கொடைக்கு நீ வர வேண்டாம்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் உள்ள அடி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ அல்சூரிலோ ஒரு வாழ்நாள் இருந்தாலும், நம்மை இன்னார் என்று அறிந்தவர்கள் இருப்பது ஊரில்தான். அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாத ஒரு செய்தி 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அந்த 1,500 கிலோமீட்டர் ஒரு பாதுகாப்பே அல்ல. அதைத் தாண்டிச் சென்று ஒரு வார்த்தை மறுமொழி சொல்லவும் முடியாமல் இருப்பதே பெரிய துன்பம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதலில் இருந்தது 67-ஆம் பிரிவு. அது ஆபாசமானதை மின்வழியில் வெளியிடுவதைத் தண்டிப்பது. 2004-இல் தில்லியில் பள்ளிப் பருவத்தினர் இருவரின் கைபேசிக் காட்சி ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விலைக்கு வந்து நாடெங்கும் பேசப்பட்டபோது, கைக்கு எட்டிய சட்டமெல்லாம் ஆபாசத்தைப் பற்றியதாகவே இருந்தது. இதில் ஒரு பெரும் கோணல் உண்டு. ஆபாசச் சட்டம் கேட்கும் கேள்வி, இந்தப் படம் பார்ப்பவர் மனத்தைக் கெடுக்குமா என்பது. படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று அது கேட்பதே இல்லை. அதன் கண்ணில் ஊறு அடைந்தவர் பார்ப்பவர். படத்தில் இருக்கும் பெண் அன்று! படத்தை முதலில் அனுப்பியவள் தானே ஆதலால் தன் மேலேயே வழக்குப் பாயுமோ என்று அவள் அஞ்சுவதற்கும் இடம் ஏற்பட்டது.

2008-இல் நிறைவேறி 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 66-இ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒருவருடைய உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும், வெளியிடுவதும், அனுப்புவதும் குற்றம் என்றது அது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆண், பெண் என்ற பேதம் இதில் இல்லை. பாலுறவுக் காட்சியாயின் 67-ஏ பிரிவு. அதற்கு முதல் முறை ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பற்றியதாயின் 67-பி பிரிவும் போக்சோ சட்டமும் தனியே இருக்கின்றன.

ஆனால் நம் பொருளுக்கு உயிர்நாடியான வாக்கியம் பிறந்தது 2013-இல். 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் அமைந்த குழு ஒரு மாதத்தில் அறிக்கை தந்தது. அதை ஒட்டி வந்த திருத்தத்தில் 354-சி என்ற பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏறிற்று. பெண் ஒருத்தி தனிமையில் இருப்பதை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் பற்றிய பிரிவு அது. அதன் அடியில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். படம் எடுக்க அவள் சம்மதித்திருக்கலாம்; பிறருக்குப் பரப்பச் சம்மதிக்காத நிலையில் பரப்பினால், அந்தப் பரப்புதல் இப்பிரிவின்படி குற்றமே என்பது அதன் கருத்து. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, இது 77-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. முதல் முறை ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை. மறுமுறை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை.

இந்த ஒரு விளக்கத்தின் அருமையைச் சொல்ல ஓர் ஒப்புமை போதும். இங்கிலாந்தில் இதற்கென்று 2015-இல் சட்டம் செய்தபோது, பரப்பியவன் அவளைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு பரப்பினான் என்பதையும் நிறுவ வேண்டும் என்று வைத்தார்கள். விளையாட்டுக்குச் செய்தேன், நண்பர்களிடம் பெருமை அடித்தேன் என்று சொன்னவர்களுக்கு அது ஒரு சந்தாயிற்று. 2023-இல் வேறொரு சட்டம் செய்துதான் அந்நாட்டார் அதை அடைத்தார்கள். நம் 2013-ஆம் ஆண்டு விளக்கமோ எண்ணத்தைக் கேட்கவில்லை. சம்மதம் இருந்ததா என்று மட்டும் கேட்கிறது. ஜாதகத்தோடு சென்ற படத்தைப் பற்றி நம் பாட்டனார்கள் கேட்டதும் அதைத்தான்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் இக்குற்றத்துக்குப் பழிவாங்கும் ஆபாசம் என்று பொருள்படும் ஒரு பெயர் வழங்கிவிட்டது. பழிவாங்குதல் என்றால் முன்னே ஒரு பிழை நிகழ்ந்திருக்க வேண்டும். நிச்சயம் முறிந்ததும், திருமணத்துக்கு மறுத்ததும் பிழையா? ஆபாசம் என்றால் அதைச் செய்தவள் அவள் என்றாகிறது. இரண்டு சொல்லும் குற்றத்தை இடம் மாற்றி வைக்கின்றன. சம்மதமற்ற பரப்பல் என்று நீட்டிச் சொல்வதில் நாம் இழப்பது ஒன்றுமில்லை.

சட்டத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டோம். 77-ஆம் பிரிவு காப்பது பெண்களை மட்டுமே. ஆனால் வேலை தேடி வெளியூர் வந்து தனியே தங்கியிருக்கும் இளைஞர்களும் இதில் சிக்குகிறார்கள். முன்பின் அறியாத பெண்ணிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். சில நிமிடத்தில் இவருடைய உருவம் பதிவாகிவிடும். பிறகு பணம் கேட்டு மிரட்டல். உடனடிக் கடன் தரும் செயலிகள் சில, கடன் வாங்கியவருடைய முகத்தை நிர்வாண உடலொன்றில் ஒட்டி, அவருடைய கைபேசியில் உள்ள எண்களுக்கெல்லாம் அனுப்பிய செய்திகளையும் பத்திரிகைகளில் படித்தோம். ஆண்களுக்கு 66-இ பிரிவு உண்டு. 67, 67-ஏ உண்டு. மிரட்டிப் பணம் பறித்தல் என்ற தனிக் குற்றமும் உண்டு. ஆயினும் அந்த 2013-ஆம் ஆண்டு விளக்கத்தின் தெளிவு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஒட்டுப் படமும், எந்திரமே வரைந்து தரும் போலிப் படமும் 77-ஆம் பிரிவுக்குள் எளிதில் அடங்குவனவாகவும் இல்லை. அது மெய்யாக எடுத்த படத்தை எண்ணி எழுதியது. முகம் மட்டும் நமதாக இருந்தாலும் மானம் நம்முடையதுதானே? இவற்றை ஒரே இடத்தில், ஆண் பெண் யாவருக்கும் பொதுவாக, சம்மதம் என்ற ஒன்றையே மையமாக வைத்து எழுத வேண்டும் என்பது நம் கருத்து.

சட்டம் செயற்படாமல் இல்லை. மேற்கு வங்காளத்தில் தம்லூக் நீதிமன்றம் 2018 மார்ச்சில் இத்தகைய வழக்கொன்றில் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. நாட்டில் இவ்வகைக் குற்றத்துக்கு முதல் தண்டனை அதுவே என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்டில்.

ஆனால் தண்டனை ஒரு புறம் இருக்கப் படம் மறுபுறம் உலவிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என் செய்வது? பழைய படத்தைத் திருப்பி அனுப்பினால் கதை முடிந்தது. இது பிரதிக்குப் பிரதி பெருகுவது. 2021-ஆம் ஆண்டு வகுத்த விதிகள், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ முறையிட்டால் இணையத்தளக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அகற்ற வேண்டும் என்றன. பின்னர் வந்த திருத்தம் அந்த அவகாசத்தை இன்னும் சுருக்கிற்று. ஒட்டுப் படத்துக்கும் இது பொருந்தும். தேடு பொறிகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்றும், ஒவ்வொரு முறை படம் தலைகாட்டும்போதும் அந்தப் பெண்ணையே திரும்பத் திரும்ப வாசலில் நிறுத்தலாகாது என்றும் தில்லி உயர்நீதிமன்றம் 2023-இல் எடுத்துரைத்தது.

2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வழக்கில் இதன் கொடுமை முழுவதும் வெளிப்பட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் அகற்ற உத்தரவிட்டார். அகற்றிய பின்னும் காட்சி வேறு தளங்களில் மீண்டும் முளைத்தது. விசாரணையின் பெயரால் ஆண் காவலர் பலர் கூடி அதைப் பார்த்தனர் என்ற செய்தி நீதிமன்றத்தை மிகவும் வருத்திற்று. அவ்வழக்கின் பயனாக மத்திய அரசின் மின்னணு அமைச்சகம் அவ்வாண்டு நவம்பரில் ஒரு நடைமுறையை வெளியிட்டது. படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஓர் அடையாள எண்ணை, கைரேகை போல, வைத்துக்கொண்டு, அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கும் வழி அதில் இடம் பெற்றுள்ளது. இதே முறையில் இயங்கும் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற உலகளாவிய சேவையொன்று 2021 முதலே இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு உரிய சேவை அது. அதில் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கைபேசியிலேயே அந்த எண் உண்டாகி, எண் மட்டும் வெளியே செல்லும். அஞ்சி ஒடுங்கியிருக்கும் ஒருவருக்கு இது பெரிய ஆறுதல்.

இப்போது நாகபுரிக்குத் திரும்புவோம். அங்கே நடந்ததில் நமக்கு உபயோகமானவை சில இருக்கின்றன.

செய்தி வந்த இரவே தகப்பனார் மகளின் கைபேசியை வாங்கி, அந்தப் பிள்ளையோடு பேசியவை அனைத்தையும் அழித்துவிட்டார். கறையைத் துடைப்பதாக எண்ணினார், பாவம், துடைத்தது சாட்சியத்தை. மிரட்டல் வந்தாலும் படம் பரவினாலும் செய்தியை அழிக்கலாகாது. யார் அனுப்பியது, எந்த எண், எந்த நாள், எத்தனை மணி என்பது தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாருங்கள் என்ன செய்தான் என்று நியாயம் கேட்பதற்காகக்கூட அந்தப் படத்தை உறவினருக்கு அனுப்பக் கூடாது. அனுப்புகிறவரும் பரப்பினவர் ஆகிவிடுவார். மிரட்டல் மட்டும் வந்து படம் இன்னும் வெளியாகாத நிலையிலும் புகார் கொடுக்கலாம்; மிரட்டலே குற்றம்.

மறுநாள் தகப்பனாரும் மகளும் அருகிலிருந்த காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் இரண்டே கேள்விதான் கேட்டார்: படத்தை நீ ஏன் அனுப்பினாய்? அவன் இருப்பது தமிழ்நாட்டில் அல்லவா, அங்கே போய்ச் சொல்வதுதானே? இருவரும் திரும்பிவிட்டார்கள். முதல் கேள்விக்கு 2013-ஆம் ஆண்டின் விளக்கமே பதில். இரண்டாவதற்குப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு பதில். கைது செய்யத் தக்க குற்றம் எங்கே நிகழ்ந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிந்துகொண்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று வழங்குவது இதுவே. வெளியூரில் வாழும் நமக்கென்றே வந்தது போன்ற ஏற்பாடு இது! 77-ஆம் பிரிவுக் குற்றத்தில் பெண் கொடுக்கும் தகவலைப் பெண் அதிகாரியே எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். பிரதி இலவசமாய்த் தர வேண்டும். மராத்தியிலோ கன்னடத்திலோ எழுதிய தாளில் பொருள் தெரியாமல் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. நிகழ்ந்ததை நாமே ஒரு தாளில் வரிசையாக எழுதி, மொழி அறிந்த ஒருவரையும் உடன் அழைத்துப் போவது நலம்.

நிலையத்துக்கே போகத் துணியாதவர்கள் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் எழுதலாம். பெண்களும் குழந்தைகளும் பற்றிய பகுதியில் பெயரைச் சொல்லாமலும் தகவல் தர வழி வைத்திருக்கிறார்கள். மகளிர் உதவி எண் 181. மிரட்டலுக்குப் பயந்து பணம் கொடுத்துவிட்டவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

அந்தக் குடும்பத்தாருக்கு உதவியவர் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். பொங்கல் விழா நன்கொடைக்காக வீட்டுக்கு வந்தவர், பெண்ணின் தாயார் முகத்தைப் பார்த்து விசாரித்திருக்கிறார். சட்டம் படித்தவர் அல்லர்; மராத்தி மட்டும் தாய்மொழி போலப் பேசுவார். மூன்றாம் முறை நிலையத்துக்கு அவரும் உடன் போனார். அந்தப் பிரிவின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். அன்று பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். படத்தைக் காட்டும்படி அவர் கேட்கவில்லை என்பதை அந்தப் பெண் பிற்பாடு இரண்டு தடவை நம்மிடம் சொன்னாள்.

சாட்சியத்துக்கு என்ன செய்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் கொடைக் குழுவில் எழுபது வயது கடந்த ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். படங்கள் வந்தவுடன் பலர் பார்த்தார்கள். சிலர் பிறருக்கு அனுப்பினார்கள். சிலர் வாய் பேசாமல் குழுவை விட்டு விலகினார்கள். ஆசிரியர் மட்டும், இதை அனுப்பியவன் யார் என்று குழுவிலேயே கேட்டு எழுதினார். பின்பு கைபேசியை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, பேரனிடம் வேறொன்று வாங்கி உபயோகித்து வந்தார். திருநெல்வேலிப் போலீசார் வந்தபோது பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அனுப்பிய எண்ணும் நேரமும் அதில் அப்படியே இருந்தன.

வழக்கு இன்னும் முடியவில்லை. முதல் முறைக் குற்றமாதலால் பிள்ளை ஜாமீனில் வெளியே இருக்கிறான். விசாரணை நாள்களுக்குப் பெண் நாகபுரியிலிருந்து வந்து போகிறாள். லீவு கணக்கு ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பெரிய கவலை. சென்ற கொடைக்கு வீட்டார் மூவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். பெரியப்பா வீட்டில் தங்கவில்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் தங்கினார்கள். இரண்டாம் நாள் மதியம் பெரியப்பா அங்கே வந்து சற்று நேரம் நின்றார். தம்பியோடு ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணிடம், ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கிறேன் என்று போனார்.